காகிதத்தில் அறுந்த விலங்கு
தேசபக்தன் கோ. நடேசய்யரின் வாழ்வு தரும் பாடம்

தெல்தோட்டைக் கடைவீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மலை முழுவதும் தேயிலை தெரியும். இந்த மலைப் பக்கத்தில்தான், லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கையில் வர்த்தக நோக்குடன் தேயிலை பயிரிடப்பட்டது அதுவே முதல் முறை. அவர் 1892இல் காலமானார். கண்டி மகியாவை மயானத்திலுள்ள அவருடைய கல்லறையை இன்றும் பலர் தேடிச் சென்று பார்க்கின்றனர். அது நியாயமே. உழைத்தவரை உலகம் நினைக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த 19 ஏக்கரில் காடு வெட்டியவர் யார்? குழி தோண்டியவர் யார்? கன்று சுமந்தவர் யார்? அவர்களுடைய பெயரைத் தாங்கிய கல்லை எங்கும் காணோம். அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பற்றித் தவறாமல் எழுதி வைத்த காகிதம் ஒன்று மட்டும் இருந்தது. அதில் இத்தனை ஆள், இவ்வளவு கடன் என்று கணக்கு இருக்கும். அந்தக் காகிதத்தின் பெயர் ‘துண்டு’.

அந்தத் துண்டு செய்த கொடுமையையும், அது சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் ஒழியாமல் நின்ற அடிமைத்தனத்தையும் எதிர்த்துத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றியே இவ்வாரம் படிக்கப் போகிறோம். அவர் கோ. நடேசய்யர். ‘தேசபக்தன்’ என்பது அவர் நடத்திய பத்திரிகையின் பெயர். பிற்காலத்தில் அதுவே அவருடைய அடைமொழியாகவும் ஆயிற்று.

1. இலங்கையில் அடிமைகள்

அடிமைகள் என்றதும் ஆபிரிக்காவும் அமெரிக்காவும் நம் நினைவுக்கு வருகின்றன. நம் நாட்டிலும் அடிமைகள் இருந்தார்கள் என்பதைப் பலர் அறிவதில்லை. ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பில் அடிமைகள் வைக்கப்பட்டிருந்த இடத்தை ஆங்கிலேயர் ‘அடிமைத் தீவு’ என்றே அழைத்தனர். இன்று நாம் கொம்பனித்தெரு என்று சொல்லும் பகுதி அது. யாழ்ப்பாணத்தில் தமிழரே தமிழரை அடிமைகளாக வைத்திருந்தனர். 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உண்டு. ஆகவே இது வெள்ளைக்காரர் மட்டும் செய்த பாவம் என்று சொல்லி நாம் கை கழுவிவிட முடியாது.

பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் அவர்களின் முயற்சியால், 1816 ஆகஸ்ட் 12ஆம் திகதியிலிருந்து தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்று அடிமைகளை வைத்திருந்தோர் பலர் ஒப்புக்கொண்டனர். 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அந்தச் சட்டத்திலிருந்து இலங்கைக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது! இங்கே அடிமைத்தனம் சட்டப்படி முற்றாக நீங்கியது 1844இல்தான்.

திருச்சபையின் வரலாற்றிலும் இதே தடுமாற்றத்தைக் காண்கிறோம். பாப்பரசர் பதினாறாம் கிரகோரியார் 1839இல் அடிமை வாணிபத்தை வன்மையாகக் கண்டித்துத் திருமடல் விடுத்தார். அதற்கு முந்திய ஆண்டில்தான் அமெரிக்காவில் மேரிலாந்து இயேசு சபையினர் தங்களிடமிருந்த 272 அடிமைகளை விற்றிருந்தனர். நல்ல போதனை ஏட்டில் இருப்பது ஒன்று. அது மனிதரின் நடையில் வருவது மற்றொன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

2. ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

இலங்கையில் அடிமைத்தனம் ஒழிந்த அந்தக் காலத்தில்தான் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டில் பஞ்சத்தால் வாடிய மக்கள் கங்காணிமாரின் பின்னால் கடல் கடந்து வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, மலையேறினர். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

1865ஆம் ஆண்டைக் கவனியுங்கள். அவ்வாண்டு அமெரிக்கா தன் அரசியலமைப்பைத் திருத்தி அடிமைத்தனத்தை ஒழித்தது. அந்த விடுதலைக்காக ஜோன் பிறவுண் என்பவர் 1859இல் ஆயுதமேந்தி, ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்னுமிடத்தில் படைக்கலச் சாலையைத் தாக்கித் தூக்கிலிடப்பட்டார். பின்னர் உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

அதே 1865இல் இலங்கையில் நிறைவேறியது 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம். அதன்படி, தொழிலாளி முறையான அறிவித்தல் கொடாமல் வேலையை விட்டுப் போனால் அது குற்றம். அவனைப் பிடித்துச் சிறையில் அடைக்கலாம்.  தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் அதற்கு மறியல்! ஒப்பந்தம் என்று பெயர் சொன்னாலும், அந்தத் தராசின் ஒரு தட்டில் பணமும் மறு தட்டில் மனிதனின் உடலும் வைக்கப்பட்டிருந்தன.

3. துண்டு என்றால் என்ன?

கங்காணி ஊரில் ஆள் சேர்க்கும்போது முன்பணம் கொடுப்பான். வழிச் செலவு, சோறு, கம்பளி, பழைய ஊர்க் கடனைத் தீர்க்கும் தொகை ஆகிய எல்லாமே தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்படும். இந்தப் பணம் தோட்டத்துத் துரையிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து தொழிலாளிக்கும் வருவது. ஆகவே தொழிலாளி பிரட்டுக்களத்தில் முதல்நாள் பேர் கொடுக்கும்போதே கடன்காரனாகிவிட்டான். எழுதப் படிக்கத் தெரியாதவன், தன் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எப்படி அறிவான்?

ஒரு கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடம் துண்டு வாங்க வேண்டும். ‘இந்தக் கங்காணியின் இத்தனை ஆட்களை, இவ்வளவு ரூபா கடன் செலுத்தப்பட்டால் விடுவிக்கச் சம்மதம்’ என்பதே அதன் பொருள். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாய்ப் போவான். ஆள் தேவைப்படும் துரை அந்தத் தொகையைக் கட்டுவான். சில வேளை கங்காணியின் கைக்கும் ஏதாவது சேரும்.

உதாரணமாக, ஒரு துண்டில் 50 ஆள், 1,500 ரூபா என்று எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். புதுத் துரை 1,500 கட்டி, கங்காணிக்கு மேலும் 500 முன்பணம் கொடுக்கிறான். அடுத்த முறை துண்டு எழுதும்போது தொகை 2,000 ஆகிறது. தலைக்கு 30 ரூபாவாக இருந்த கடன் 40 ரூபாவாக ஏறிவிட்டது. இதில் தொழிலாளி ஒரு சதத்தையேனும் கண்ணால் காணவில்லை. ஆனால் அடைக்க வேண்டியவன் அவன்தான். அவன் இறந்தால், பக்கத்தில் நிற்கும் மனைவியும் மக்களும்தான்.

அடிமைச் சந்தையில் மனிதனை வாங்கியவன் தன் பணத்தைக் கொடுத்து வாங்கினான். துண்டு முறையிலோ தன்னை வாங்கிய விலையை வாங்கப்பட்டவனே உழைத்துத் தீர்க்க வேண்டும். அடிமை முறையைவிட ஒரு படி மேலான தந்திரம் இது. சங்கிலியின் ஒரு முனை துரையின் கையில் இருந்தது. மறு முனையைப் பிடித்திருந்தவனோ நம் மொழி பேசிய, நம் ஊர்க்காரனான கங்காணி. இந்த உண்மை கசப்பானதுதான். ஆயினும் சொல்லியே ஆகவேண்டும்.

4. சட்டம் மாறியது, லயம் மாறவில்லை

இக்கொடுமைக்கு எதிராகக் குரல் எழுப்பிய முதல்வர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களை நன்றியுடன் நினைக்க வேண்டும். தொழிலாளரைச் சிறையிலடைக்கும் விதியை நீக்க வேண்டுமென்று அவர் வாதாடினார். இந்திய அரசாங்கமும் நெருக்கியது. இறுதியில் 1921இல் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. துண்டு முறை ஒழிந்தது. வேலையை விட்டதற்காகத் தோட்டத் தொழிலாளரை மறியலில் போடும் விதியும் நீங்கியது.

நல்லது. ஆனால் இந்தச் செய்தியை லயத்துக்குக் கொண்டுபோய்ச் சொன்னவர் யார்? சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்தவர் துரை, கேட்டறிந்தவர் கணக்கப்பிள்ளை, தெரிந்தும் சொல்லாதவர் பெரிய கங்காணி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் புகைக்குள் இருந்த தொழிலாளிக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவரையில், தான் இன்னும் கட்டுண்டவன் என்றே அவன் நம்பினான். பற்றுப் புத்தகத்தில் கடன் அப்படியே நின்றது. கங்காணியின் மிரட்டலும் அப்படியே நின்றது.

விலங்கு காகிதத்தில் அறுந்தது. காலில் அறுபடவில்லை. நடேசய்யர் செய்த பணியின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது.

5. புடவை மூட்டையுடன் வந்தவர்

நடேசய்யர் 1887ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பிறந்தவர். தஞ்சாவூரில் வணிகருக்கான இதழொன்றை நடத்தி வந்தார். அது தொடர்பாகவே முதலில் இலங்கைக்கு வந்தார். வந்த இடத்தில், மலைநாட்டில் தம் மக்கள் படும் துன்பத்தைக் கேள்வியுற்றார். நேரில் பார்க்க விரும்பினார்.

பார்ப்பது எளிதன்று. தோட்டம் தனியார் நிலம். துரையின் அனுமதியின்றி அந்நியர் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் குற்றமாகும். உறவினர் வந்தாலும் கேள்வி. பாதிரிமார் வந்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரவேண்டும். ஆனால் ஒருவர் மட்டும் தடையின்றிப் போய்வரலாம். அவர் புடவை வியாபாரி. ஆகவே நடேசய்யர் புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார். லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்தபோது மக்களின் வாயும் அவிழ்ந்தது. சம்பளம் எவ்வளவு, பிடிப்பு எவ்வளவு, யாருக்கு அடி விழுந்தது, எந்தப் பெண் எதற்கு அஞ்சுகிறாள் என்பதெல்லாம் அவர் செவிக்கு வந்தன.

எண்ணிப் பாருங்கள். படித்த பிராமணர், பத்திரிகாசிரியர், மூட்டை தூக்கி மலையேறுகிறார். அவருக்கு அவ்வேடம் ஒரு சூழ்ச்சி மட்டுமன்று; படிப்பினையும் ஆயிற்று. மேடையில் நின்று ஏழைகளைப் பற்றிப் பேசுவோர் பலர். அவர்கள் வாசலில் குந்தியிருந்து கேட்போர் சிலரே.

1920ஆம் ஆண்டளவில் அவர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். கொழும்பிலிருந்து ‘தேசநேசன்’ பத்திரிகையையும், 1924 முதல் ‘தேசபக்தன்’ பத்திரிகையையும் நடத்தினார். துரைமாரின் கொடுமைகளையும் கங்காணிமாரின் கள்ளக் கணக்குகளையும் அவை வெளிப்படுத்தின. அரசாங்கம் அவரைச் சந்தேகக் கண்ணுடன் நோக்கியது. தோட்ட முதலாளிகள் அவரை விஷமி என்றனர்.

அமெரிக்காவில் அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 1847இல் ஒரு பத்திரிகையைத் தொடங்கியே அடிமைத்தனத்துடன் போரிட்டார். அடிமைக்கு எழுத்தறிவு புகட்டுவதை அங்கே பல மாநிலங்கள் தடைசெய்திருந்தன. எழுத்தறிந்தவனைக் கட்டி வைக்க முடியாது என்பதை எசமானர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். எங்கும் இது பொதுவான விதியே.

6. பாடும் பெண்

ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பத்திரிகை எப்படிப் போய்ச் சேரும்? இதற்கு விடை கண்டவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார். பத்திரிகைப் பணியில் கணவருக்குத் தோள் கொடுத்ததோடு, கூட்டங்களில் பாடவும் செய்தார். பாரதியின் பாடல்களைப் பாடினார். தாமே பாட்டுக் கட்டினார். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டில் தொழிலாளரின் துன்பமும் உரிமையும் ஒலித்தன. முதலில் பாட்டு, கூட்டம் சேர்ந்த பிறகு பேச்சு.

பேச்சை மறந்துவிடலாம், மெட்டுடன் வந்த செய்தியை மறப்பது கடினம். மறுநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது ஒருத்தி முணுமுணுப்பாள். அடுத்த நிரையில் நிற்பவள் ஏந்திக்கொள்வாள். எந்தத் துரை அதற்கு அத்துமீறல் வழக்குப் போட முடியும்? 1940இல் அம்மையாரின் பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் நூலாயின. பெண்கள் வீட்டை விட்டு வெளியே வரவே தயங்கிய அக்காலத்தில், ஆயிரக்கணக்கானோர் முன் துணிந்து நின்ற அவரை நம் பெண் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நடேசய்யரும் அதே வழியில் சென்றார். தொழிலாளர் சட்டங்களை எளிய தமிழில் விளக்கி நூல் எழுதினார். 1931இல் ‘நீ மயங்குவதேன்?’ என்னும் கட்டுரை நூலையும், 1937இல் ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’ என்ற நாடகத்தையும் வெளியிட்டார். ஆங்கிலத்தில் பூட்டிக் கிடந்த சட்டத்தைத் தமிழில் திறந்துவிடுவதே இவற்றின் நோக்கம்.

7. சபையிலும் சங்கத்திலும்

1925இல் இடைத்தேர்தல் ஒன்றில் வென்று சட்டநிரூபண சபையில் அமர்ந்தார். அங்கே தோட்டத் துரைமாரின் பிரதிநிதிகள் முகத்துக்கு முன்னே தொழிலாளரின் குறைகளை எடுத்துரைத்தார். அக்காலத்தில் நடந்த வாதங்களின் பயனாக 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறி, 1929 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று விதிக்கப்பட்டது. சொற்பமே. பெண்ணின் கூலி குறைவாகவே இருந்தது. அந்த ஏற்றத்தாழ்வு நீங்க 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எனினும், கூலி என்பது துரை மனமிரங்கிக் கொடுக்கும் பிச்சையன்று, சட்டம் விதித்த கடமை என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்க அவர்கள் 1922இல் தொடங்கிய இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் நடேசய்யர் உபதலைவராகப் பணியாற்றினார். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்ற நல்ல காலம் அது. துரதிர்ஷ்டவசமாக அது நீடிக்கவில்லை. இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல் அச்சங்கத்தில் ஓங்கவே, 1928இல் இருவரும் பிரிந்தனர்.

பின்னர் 1931இல் ஹற்றனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கென்றே எழுந்த முதல் தொழிற்சங்கம் அதுவாகும். உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டி முதலாளிகள் கூலியைக் குறைத்தபோது அச்சங்கம் எதிர்த்து நின்றது. சங்கத்தில் சேர்ந்தவருக்குப் பற்றுச்சீட்டு மறுக்கப்பட்டது, வேலை நிறுத்தப்பட்டது, லயத்தை விட்டுத் துரத்தினர். சேர்ந்தவர்கள் இவற்றையெல்லாம் அறிந்தே சேர்ந்தார்கள். 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்ட நடேசய்யர், 1947வரை அங்கே பணியாற்றினார்.

8. நம் அயலில் சிந்திய இரத்தம்

அவர் விதைத்த விழிப்பு அவருடைய சங்கத்தோடு நின்றுவிடவில்லை. நம் தெல்தோட்டைக்கு அப்பால், ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ளது முல்லோயாத் தோட்டம். அங்கே தொழிலாளர் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். இவர்களுக்குத் தலைமை தாங்கியது சமசமாசக் கட்சியினரின் சங்கம். 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று அவரைப் போற்றுவர்.

சாதாரணமாக ஒரு கூலியாளின் சாவு தோட்டத்து எல்லையைத் தாண்டாது. இந்தச் சாவு தாண்டியது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. இறந்தவரின் குடும்பத்துக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். இது தொடர்பாக எழுந்த பிணக்கு முற்றி, ஆளுநருடன் முரண்பட்டு அமைச்சர்களே பதவி விலகும் அளவுக்குப் போயிற்று. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் வேலையை விட்டு நின்றால் மறியல் என்றிருந்த நாட்டில், வேலையை நிறுத்திய ஒருவரின் உயிருக்கு அரசே பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

9. குறையும் நிறையும்

நடேசய்யரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர் முன்கோபி என்றும், பிறருடன் இணைந்து போகத் தெரியாதவர் என்றும் குறை கூறினர். 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் தோன்றிய பின் அவருடைய சங்கம் மெலிந்தது. புதிய தலைமை எழுந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியடைந்தார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் திகதி காலமானார். யாருக்காக உழைத்தாரோ அவர்களே அவரை மறந்து வாக்களித்தார்கள் என்று சிலர் வருந்தினர். ஆனால் இதில் வேறொன்றையும் காணலாம். தமக்கு வேண்டியவரைத் தாமே தெரிவு செய்யும் துணிவு அம்மக்களுக்கு வந்துவிட்டது. அதைக் கற்பித்தவர்களுள் முதல்வர் அவரே.

அவர் இறந்த மறு ஆண்டிலேயே பெரும் இடி விழுந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. இங்கும் அதே பாடம். சட்டத்தால் பறிக்கப்பட்ட உரிமை சட்டத்தால் திரும்பி வந்தது. ஆனால் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும்வரை அந்த உரிமை பயன் தருவதில்லை.

10. இன்றைய துண்டுகள்

துண்டு போய்விட்டது என்று நாம் நிம்மதி கொள்ளலாமா?

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குச் செல்ல ஒரு சகோதரி சம்மதித்தவுடன் தரகர் வந்து முன்பணம் கொடுக்கிறார். குடும்பம் அதைச் செலவழித்துவிடுகிறது. பின்னர் அவள் பயந்து, ‘போகவில்லை’ என்று சொன்னால், பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் கடவுச்சீட்டை வீட்டுக்கார எசமான் வாங்கி வைத்துக்கொள்கிறார். முன்பணம், பிடித்து வைத்த காகிதம், போக முடியாத நிலை ஆகிய இம்மூன்றும் சேர்ந்ததுதானே பழைய துண்டு?

வாரந்தோறும் வசூலிக்க வரும் கடன் கொம்பனிக்காரருக்கு அஞ்சி, ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் எடுக்கும் தாய்மாரை நாம் அறிவோம். கையெழுத்திட்ட தாளில் வட்டி எவ்வளவு என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. எழுத்தறிந்திருந்தும் படிக்காமல் கையெழுத்திடுவது, எழுத்தறியாமல் பெருவிரல் ஒற்றியதைவிட எவ்வகையில் மேல்?

நகரத்து வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்படும் தோட்டத்துப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதை 2021இல் சட்டம் 16 ஆக உயர்த்தியது. அச்சட்டமும் யாராவது லயத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்லும்வரை காகிதமே. இவர்களை அழைத்துச் செல்ல வரும் தரகர், பெரும்பாலும், வேற்று மனிதரல்லர். ‘மாமா’ என்றும் ‘அண்ணன்’ என்றும் நாம் அழைக்கும் ஒருவராகவே இருக்கிறார். சங்கிலியின் ஒரு முனை இன்றும் நம்மவர் கையில்தான் இருக்கிறது.

நடேசய்யர் துப்பாக்கி தூக்கவில்லை. அவர் தூக்கியது ஒரு புடவை மூட்டை; பிறகு ஒரு பத்திரிகைக் கட்டு. சட்டம் தெரிந்தவர் தெரியாதவரின் வாசலுக்கு நடந்து போக வேண்டும் என்பதே அவர் வாழ்க்கையின் சாரம். அதற்குப் பெரிய தலைவர் வேண்டியதில்லை. உயர்தரம் படித்த ஒரு பிள்ளை, வாரத்தில் ஒரு மாலை, அயல் லயத்தில் அமர்ந்து, ‘ஆச்சி, இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? வாசிக்கிறேன், கேளுங்கள்’ என்று சொன்னால் போதும். அன்று அவர் தொடங்கிய வேலையை நாம் தொடர்கிறோம் என்று பொருள்.

சிந்திக்கவும் குழுவாகப் பேசவும் சில கேள்விகள்

1. 1844, 1921 ஆகிய ஆண்டுகளில் இலங்கையில் எவை எவை சட்டத்தால் ஒழிக்கப்பட்டன? சட்டம் வந்த பின்னரும் தொழிலாளரின் வாழ்வு மாறாமைக்குக் காரணங்கள் யாவை?

2. துண்டு முறையில் துரை, கங்காணி, தொழிலாளி ஆகிய மூவரில் யார் யாருக்கு என்ன இலாபம், என்ன நட்டம்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

3. எழுத்தறியாத மக்களிடம் செய்தியைக் கொண்டுசெல்ல மீனாட்சி அம்மையார் கையாண்ட வழி எது? இன்று நம் தோட்டத்தில் அதற்கு இணையான வழி எது?

4. உங்கள் வீட்டில் கையெழுத்திடப்பட்டு, ஆனால் வாசிக்கப்படாமல் இருக்கும் கடன் பத்திரம் அல்லது ஒப்பந்தம் ஏதேனும் உண்டா? இவ்வாரம் அதை எடுத்துக் குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள்.

5. உங்கள் ஊரின் மூத்தோரிடம் சென்று, அவர்களுடைய பெற்றோரும் பாட்டன் பாட்டியும் எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியுடன் வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் பெயரைத் தாங்கும் கல் இல்லாவிடினும், ஒரு கொப்பியிலாவது அந்தப் பெயர்கள் இருக்கட்டும்.